அப்பா விபத்தில் இறந்துவிட்டார், எஃப்.ஐ.ஆரில் ‘நிலைதடுமாறி’ என்று எழுதியிருக்கிறார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?

காவிரிக்கரைப் பெண் எழுதியது:

வணக்கம். இத்தனை வருஷமாக இங்கே படித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதியதில்லை. கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சமையல் மாஸ்டர். கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் போவார். போன கார்த்திகையில் ஒரு முகூர்த்தத்துக்காக விடியற்காலை மூன்றரை மணிக்கு எக்செல்லில் கிளம்பினார். பின்னால் அவருடைய கரண்டிகளை ஒரு சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தார். மண்டபத்துக் கரண்டியில் அவருக்குக் கை வராது. புறவழிச்சாலையில் எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு எதிரே வந்த டிப்பர் லாரி ஒன்று, சிக்னலும் போடாமல் வலதுபக்கச் சந்துக்குள் குறுக்கே திரும்பியது. அப்பாவுக்குப் பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்த உதவியாள் அதைப் பார்த்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தக் கல்யாணத்துக்கு வேறு ஆளை வைத்து ஒப்பேற்றினார்களாம். யாரையும் குறை சொல்லவில்லை, இலை போட்டாகணுமே.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறேன். விஷயம் தெரிந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதற்குள் பிணவறை வாசலில் மாமாவிடம் (அம்மாவின் தம்பி) ஸ்டேஷனிலிருந்து வந்தவர் புகாரை எழுதி, கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். மாமா படித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு யார்தான் படித்துப் பார்ப்பார்கள். காரியமெல்லாம் முடிந்து எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கியபோதுதான் பார்த்தேன். ‘என் அக்காள் கணவர் இருசக்கர வாகனத்தில் சென்றபோது நிலைதடுமாறி, எதிரே வந்த லாரியில் மோதி’ என்று இருக்கிறது. லாரி திரும்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருஷமாக அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் அந்த வண்டியில் வைத்துக் கொண்டுபோனவர், வெறும் கரண்டி மூட்டையோடு நிலைதடுமாறினாராம்.

அதே வாசலில் இன்னொருவரும் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் விசிட்டிங் கார்டு. ‘வக்கீல் நம்ம ஆள்தான், நீங்க ஒரு ரூபாய் போட வேண்டாம், வர்றதுல 25 பர்சன்ட் மட்டும்’ என்று சொல்லி, ஒன்றும் எழுதாத தாள்களில் கையெழுத்துக் கேட்டார். என் வீட்டுக்காரர் சண்டை போட்டு விரட்டினார்.

பதினாறாம் நாள் லாரி ஓனர் ஊர்ப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். 2 லட்சம் தருகிறேன், எழுதிக் கொடுத்துவிடுங்கள், கோர்ட்டுக்குப் போனால் அலைச்சல்தான் மிச்சம் என்றார். மாமாவுக்குச் சம்மதம். வாங்கிவிடலாம், தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டலாம் என்கிறார். (தம்பி இரண்டாம் வருஷம் படிக்கிறான்.) எனக்குச் சம்மதமில்லை. அம்மாவுக்கோ அந்த 2 லட்சமும் வேண்டாம், கேஸும் வேண்டாம். ‘மனுசனை எடை போட்டு விக்கச் சொல்றீங்களா’ என்று கேட்டது. அதற்கு மேல் யாராலும் பேச முடியவில்லை. அப்பாயி மட்டும், எழுபத்தெட்டு வயசு, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ‘என் மருந்துக்கு யாருடா தருவா’ என்று யாரையும் பார்க்காமல் சொன்னது. ரெண்டும் ஒரே வீட்டுக்குள்தான் நடக்கிறது.

இப்போது மூணு மாசம் ஆகப்போகிறது. எனக்குத் தெரிய வேண்டியது: எஃப்.ஐ.ஆரில் இப்படி எழுதிவிட்டபிறகு ஏதாவது செய்ய முடியுமா? அப்பாவுக்குச் சம்பளச் சீட்டோ வருமான வரியோ எதுவும் கிடையாது, எல்லாம் கைக்காசு. வருமானத்தை எப்படிக் காட்டுவது? இன்னொன்று, ஆதாரில் அப்பாவுக்கு 57 வயசு. மற்ற எல்லாரையும் போல ஜனவரி 1 பிறந்த நாள். பள்ளிக்கூட டி.சி.யில் 54. எது உண்மை என்று அப்பாயிக்கே தெரியவில்லை, ‘வெள்ளம் வந்ததுக்கு மறுவருசம்’ என்கிறது. அப்புறம், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று மாமா கேட்கிறார். நான் மனுவில் சேரலாமா, கூடாதா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டத்தைத் தெரிந்துகொண்டுதான் அம்மாவிடம் மறுபடி பேசணும்.

---

உண்மை விளம்பி எழுதியது:

கேஸ் போட்டால் பத்து வருஷம். வக்கீல் பாதி தின்பான், இன்சூரன்ஸ்காரன் அப்பீல் போவான். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு தம்பியைப் படிக்க வையுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

---

பழைய குமாஸ்தா எழுதியது:

மேலே உள்ளவர் எந்த அனுபவத்தில் சொல்கிறார் என்று தெரியவில்லை. நான் வக்கீல் குமாஸ்தாவாக 31 வருஷம் இருந்தவன். அதில் பெரும்பாதி எம்.சி.ஓ.பி. கட்டுகள்தான், அதாவது விபத்து இழப்பீட்டு மனுக்கள். வக்கீல் அல்ல, அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு பெரியவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

முதலில் நாள் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166 ஆம் பிரிவில், 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். அங்கே என்ன ஆனாலும் அதை நம்பி நீங்கள் உட்கார வேண்டாம். மூணு மாசம் போய்விட்டது, மிச்சம் மூணு. அம்மா மனசு மாறட்டும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். மனுவைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள்.

மனு கும்பகோணத்திலேயே போடலாம். விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், எதில் வேண்டுமானாலும் போடச் சட்டம் இடம் தருகிறது. அம்மா அங்கே இருப்பதால் அங்கேயே வசதி.

‘நிலைதடுமாறி’. இந்த வார்த்தையை நான் எத்தனை எஃப்.ஐ.ஆரில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. செத்தவர் வந்து மறுக்கப் போவதில்லை, எழுதுகிறவருக்கு வேலை சுலபம். ஆனால் எஃப்.ஐ.ஆர். என்பது ஆரம்பம்தான், முடிவல்ல. பார்வை மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, கடைசியில் குற்றப்பத்திரிகை, இவ்வளவும் இருக்கிறது. வரைபடத்தில் லாரி நின்ற இடம் சாலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆய்வாளர் அறிக்கையில் லாரியில் எந்த மூலையில் அடி, எக்செல்லில் எந்த இடம் நசுங்கியது என்று இருக்கும். குறுக்கே திரும்பிய வண்டிக்கும் நேரே வந்த வண்டிக்கும் அடி ஒரே மாதிரி விழாது. கூட வந்த அந்தப் பையன் போலீஸில் வாக்குமூலம் கொடுத்தானா? கொடுக்கவில்லை என்றால், அவன் பெயரைச் சொல்லி, அவனை விசாரிக்கவில்லை என்று டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மாமாவும் ‘படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று தனியாக எழுதட்டும். கேமரா பதிவு மூணு மாசம் தாங்காது, இருந்தாலும் அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் இருந்தால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அப்புறம், 2022 விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் அனுப்ப வேண்டும். அந்த 90 நாள் உங்களுக்கு இப்போதுதான் முடிகிறது. நகல் கேட்டு வாங்குங்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். டிரைவர் அந்தக் கேஸில் விடுதலையே ஆனாலும் இது தனி. ஆனால் உங்கள் அப்பாமேல் கால்பங்கு தவறு என்று நீதிபதி நினைத்தால், தொகையிலும் கால்பங்கு போகும். அந்த ஒரு வார்த்தையின் விலை அதுதான். அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

இப்போது அந்த 2 லட்சம். லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தால், தீர்ப்புத் தொகையைக் கட்டப்போவது கம்பெனி, ஓனர் இல்லை. பிறகு அவர் ஏன் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு தேடி வருகிறார்? பாவ புண்ணியம் பார்த்து வந்திருக்கலாம், அப்படியும் மனிதர்கள் உண்டு. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது: இன்சூரன்ஸ் காலாவதியா, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இல்லையா, டிரைவருக்கு லைசென்ஸ் இல்லையா? எம்-பரிவாகன் செயலியில் லாரி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். இன்றைக்கே பாருங்கள். லைசென்ஸ் கோளாறு என்றால் பெரும்பாலும் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவு போடுவார்கள். இன்சூரன்ஸே இல்லை என்றால்தான் சிக்கல், ஓனர் சொத்துமேல் போக வேண்டும். இன்னொன்று: கவனக்குறைவால் மரணம் என்ற குற்றம், பழைய 304-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106, சமாதானமாகப் போகக்கூடிய குற்றமே அல்ல. ‘எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்று அவர் கேட்கிற காகிதம் அந்தக் கேஸை முடிக்காது. உங்கள் இழப்பீட்டு மனுவைக் கெடுப்பதற்கு மட்டும்தான் உதவும்.

கணக்கு எப்படிப் போடுவார்கள் என்று சொல்கிறேன், அம்மாவிடம் பேச உதவும். மாதம் 15,000 என்று நீதிபதி ஏற்றுக்கொண்டதாக வைப்போம். சொந்தத் தொழில், வயசு 50க்கு மேல் 60க்குள் என்பதால், எதிர்கால வளர்ச்சிக்கு 10 சதவீதம் சேர்ப்பார்கள், 16,500. வருஷத்துக்கு 1,98,000. அம்மா, தம்பி, அப்பாயி மூன்று பேர் அவரை நம்பி இருந்ததால், அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மிச்சம் 1,32,000. இதை வயசுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 51 முதல் 55 வரை என்றால் 11, 56 முதல் 60 வரை என்றால் 9. ஆக டி.சி.யின்படி 14,52,000, ஆதாரின்படி 11,88,000. ஜனவரி 1 என்று எவனோ போட்ட பிறந்த நாளால் 2,64,000 போகிறது. ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது, பள்ளிச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும் என்று இப்படி ஒரு விபத்துக் கேஸிலேயே 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டி.சி.யின் அசலைத் தேடி எடுங்கள். கிழிந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். இதற்கு மேல் துணையை இழந்ததற்கென்று 40,000 என்று 2017 இல் வைத்தார்கள், அப்பாவை, மகனை இழந்தவர்களுக்கும் ஆளுக்கு அவ்வளவு என்று 2018 இல் சேர்த்தார்கள், மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 10 சதவீதம் ஏறும். ஈமச்சடங்குக்கும் தனியாகக் கொஞ்சம் உண்டு. இத்தனைக்கும் மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி.

மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 164 ஆம் பிரிவில் தவறு யாருடையது என்றே பார்க்காமல் 5 லட்சம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதை வாங்கினால் 166 மனு போய்விடும். உங்களுக்குச் சாட்சி இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

கட்டிக்கொடுத்த பெண் சேரலாமா என்று கேட்டீர்கள். சேரலாம், சேர வேண்டும். சட்டப் பிரதிநிதி என்றால் கல்யாணமான மகளும்தான், அதை 2007 லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒருவரை விட்டுவிட்டு மனுப் போட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது நீதிபதி. மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

25 பர்சன்ட் ஆசாமியை விரட்டியது நல்ல வேலை. ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசவே கூடாது, பார் கவுன்சில் விதி. ஊரெல்லாம் நடக்கிறது என்பது வேறு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அல்லது 15100 க்குப் போன் செய்யுங்கள்.

வருமானம். அப்பா நோட்டு எதுவும் வைத்திருந்தாரா? ஆர்டர் எழுதுகிற நோட்டு? சமையல்காரர் யாரும் நோட்டு இல்லாமல் தொழில் செய்து நான் பார்த்ததில்லை. இருந்தால் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், வக்கீலிடம்கூட முதலில் ஜெராக்ஸ். அதில் இருக்கிற கல்யாண வீட்டுக்காரர்களில் மூன்று பேர் வந்து ‘இவர்தான் சமைத்தார், இவ்வளவு கொடுத்தோம்’ என்று சொன்னால், அதற்கு மேல் எந்தச் சம்பளச் சீட்டும் வேண்டாம். கம்பெனி வக்கீல் நோட்டை இப்போது எழுதியது என்பார். அதனால் அதைச் சுத்தம் செய்யாதீர்கள், புது அட்டை போடாதீர்கள். இருக்கிறபடி இருக்கட்டும்.

கடைசியாக இரண்டு. எக்செல்லுக்கு இன்சூரன்ஸ் இருந்து, வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால், அதில் ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது தனி, யார் தவறு என்ற கேள்வியே இல்லை. வங்கிப் பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது பிரதமரின் விபத்துக் காப்பீடு, 2 லட்சம். 30 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பார்கள், தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுங்கள். இவற்றை வாங்கினால் கோர்ட் தொகையில் கழிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம்.

---

திண்டுக்கல்காரி எழுதியது:

தங்கச்சி, குமாஸ்தா ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறேன். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்.

என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை. 2014 இல் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தவர்மேல் அரசு பஸ் ஏறியது. பையனுக்கு ஆறு வயசு. எனக்கும் உங்கள் அம்மா மாதிரிதான். முதல் தடவை வக்கீல் வீட்டில் கால்குலேட்டரைத் தட்டியபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் செருப்பைத் தேடினால் கண்ணுக்குத் தெரியவில்லை. என் மாமியார்தான் பின்னாலேயே வந்து, ‘அவன் உசுருக்கு இல்லடி, அவன் சனிக்கெழம கொண்டாந்து குடுப்பான்ல கவரு, அதக் கேக்கப் போறோம்’ என்றார். அப்புறம் உள்ளே போனேன்.

ஒன்று சொல்கிறேன், அம்மாவை முதலிலேயே தயார் செய்யுங்கள். குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: உங்கள் கணவர் குடிப்பாரா, ராத்திரி தூங்கினாரா, கண் சரியாகத் தெரியுமா, ஹெல்மெட் போட்டிருந்தாரா, நீங்களும் வேலைக்குப் போகிறீர்கள்தானே, பிறகு அவரை நம்பி இருந்ததாக எப்படிச் சொல்கிறீர்கள்? வேலையாகத்தான் கேட்கிறார்கள், பகையில்லை. ஆனால் கேட்கும்போது அப்படித் தோன்றாது. நான் ‘குடிப்பாரா’ என்றதற்கு அழுதுவிட்டேன். அழாமல் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

எனக்குத் தீர்ப்பு வர நாலு வருஷம். பத்து இல்லை, உண்மை விளம்பி அவர்களே. ஆனால் அரசு பஸ்ஸுக்கு வெளி இன்சூரன்ஸ் கிடையாது, போக்குவரத்துக் கழகமே கட்டணும். கட்டவில்லை. நிறைவேற்று மனுப் போட்டு, கடைசியில் பஸ்ஸை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கினோம். பேப்பரில் பார்த்திருப்பீர்கள், ‘அரசு பஸ் ஜப்தி’ என்று. அந்தச் செய்தியில் ஒரு ஓரத்தில் ஒரு பொம்பளை நிற்பாளே, அது என் மாதிரி ஆள்தான். பஸ் ஸ்டாண்டில் கோர்ட் அமீனா போய் உத்தரவைக் காட்டினார். கண்டக்டர் எல்லாரையும் இறங்கச் சொன்னார். ஒரு கிழவி கீரைக்கட்டுக் கூடையோடு இறங்கிக்கொண்டே, ‘எந்த மகராசி கேசு போட்டாளோ’ என்று திட்டியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கூடையை இறக்க ஒரு கை கொடுத்தேன், வேறென்ன செய்ய. அந்த பஸ்ஸை கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். பத்து நாளில் பணம் கட்டி எடுத்துப் போனார்கள். உங்களுடையது தனியார் லாரி, இன்சூரன்ஸ் இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் இருக்காது. மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கக் கூப்பிடுவார்கள். சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அதற்கு அப்பீல் கிடையாது. குமாஸ்தா ஐயா போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

பையன் பங்கை வங்கியில் டெபாசிட் போட வைத்தார் நீதிபதி. மூன்று மாசத்துக்கு ஒருதரம் வட்டி வரும். அதில்தான் ஸ்கூல் பீஸ் கட்டினேன். வட்டி வரும் நாளில் பையன், ‘அப்பா அனுப்பிட்டாராம்மா’ என்பான். நான்தான் அப்படிச் சொல்லிப் பழக்கினேன், தப்போ சரியோ.

---

காவிரிக்கரைப் பெண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கீரைக்காரக் கிழவி இடத்தில் மட்டும் ‘ம்’ என்றது.

லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. எஃப்.சி.தான் விபத்துக்கு ஒரு மாசம் முன்னாலேயே முடிந்திருக்கிறது. ஓனர் ஏன் வந்தார் என்று இப்போது புரிகிறது. எக்செல் அப்பா பெயரில்தான், ஆனால் மூணு வருஷமாக இன்சூரன்ஸே கட்டவில்லை, அது போச்சு. பாஸ்புக்கில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். வங்கியில் படிவம் வாங்கி வந்துவிட்டோம். உதவியாள் பையன் சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறான். மாமா கூடவே போய் எஸ்.பி.க்கு மனுவைத் தபாலில் போட்டுவிட்டு வந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதை நினைத்து அவருக்கும் தூக்கமில்லை போல.

நோட்டு இருந்தது. ஒரு நோட்டு இல்லை, ஏழு. அரிசிப் பானைக்குப் பின்னால் மஞ்சள் பைக்குள். அப்பா எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும். ‘300 இலை, கூலி 14,000, ஆள் 6, காய் வெட்ட 2 பேர்’ என்று எழுதி, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தது, தனக்கு நின்றது 5,600 என்று கீழே கோடு போட்டிருக்கிறார். ஆடிக்கும் மார்கழிக்கும் பக்கம் காலி. பக்கமெல்லாம் மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை. துடைக்கவில்லை ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி அப்படியே வைத்திருக்கிறோம்.

நான் கூட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில் அம்மா வந்து நோட்டை வாங்கிக்கொண்டது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ராத்திரி பதினொன்றுவரை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ‘இந்தக் கல்யாணத்துக்கு ரசம் பத்தலன்னு சண்டை’, ‘இவன் பாக்கி தரவேயில்ல’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசி நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது தை மாச முகூர்த்தம் ஒன்று. 350 இலை, அட்வான்ஸ் 5,000. அப்பா போனபிறகு அந்த வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். துக்க வீடு என்று எங்களிடம் அட்வான்ஸைக் கேட்கவே இல்லை.

காலையில் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்: ‘அந்த அஞ்சாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சா?’ இன்று சாயங்காலம் கொடுக்கப் போகிறோம். அதற்குப் பிறகுதான் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவேன் என்கிறது. குமாஸ்தா ஐயா, திருப்பிக் கொடுத்தால் கேஸுக்கு ஏதும் பாதகம் வருமா?

---

பழைய குமாஸ்தா எழுதியது:

ஒரு பாதகமும் இல்லை. கொடுங்கள். கொடுத்ததும், ‘இன்ன தேதியில் கல்யாணச் சமையலுக்காக இவரிடம் கொடுத்த முன்பணம் 5,000 ரூபாய், அவர் இறந்துவிட்டதால் அவர் மனைவியிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன்’ என்று அவர்கள் கைப்பட இரண்டு வரி எழுதித் தரச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். தேதி மறக்க வேண்டாம். உங்கள் முதல் சாட்சி அவர்கள்தான்.